டாங்கிள் செருகியும் வைஃபை வரவில்லையா? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் எங்கே பார்ப்பது

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராது என்றானதும், எங்கள் பழைய டெஸ்க்டாப்பில் மாடி வீட்டுத் தம்பி லினக்ஸ் மின்ட் 21 போட்டுக் கொடுத்தான். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய வைஃபை டாங்கிளை, அதாவது யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை கருவியை, செருகினால் வைஃபை பட்டியலே வருவதில்லை. அந்தத் தம்பியின் டாங்கிளைச் செருகினால் பட்டியல் வருகிறது, இணைகிறது, பத்து நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. ரவுட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் உள் அறையில். அதே அறையில் என் போனில் நெட் நன்றாக வருகிறது. மகளுக்கு ஆன்லைன் டியூஷன் இருக்கிறது. பேசாமல் பழைய விண்டோஸையே திரும்பப் போட்டுவிடட்டுமா சார்?

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. குழந்தை படிக்கிற கம்ப்யூட்டரில், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஒன்றைத் திரும்பக் கொண்டுவர நான் சொல்லமாட்டேன். அதற்கு அவசியமும் இல்லை, ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே ரவுட்டர், இரண்டு டாங்கிள். இரண்டும் இரண்டு விதமாகத் தகராறு செய்கின்றன. அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. உங்கள் டாங்கிளைக் கம்ப்யூட்டர் வைஃபை கருவியாகவே பார்க்கவில்லை. தம்பியின் டாங்கிளைப் பார்க்கிறது, ஆனால் தொடர்பு நிலைத்து நிற்கவில்லை. இணையத்தில் யாரோ எழுதிய பத்துவரிக் கட்டளையை அப்படியே ஒட்டி ஓட்டுகிறவர்கள் பலரும் முதல் கோளாறுக்கு இரண்டாவதன் வைத்தியத்தைப் பார்த்துவிட்டு, 'லினக்ஸில் வைஃபை வராது' என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எது எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

அதற்கு முன்னால் ஒன்று. டிரைவர், அதாவது ஒரு கருவியை இயக்கக் கம்ப்யூட்டருக்குத் தேவையான மென்பொருள், இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கேபிள் வழி நெட்டாக எடுத்துக்கொள்ளும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கம்ப்யூட்டருக்குக் கடத்தும், மொபைல் டேட்டா செலவாகாது. இன்று மாலை டியூஷனுக்கு இது போதும். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் டாங்கிள். அதைச் செருகாமல், கட்டளைகளை அடிக்கிற 'டெர்மினல்' சாளரத்தைத் திறந்து, எல் எஸ் யு எஸ் பி என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். யுஎஸ்பியில் இருக்கிற கருவிகள் வரிசையாக வரும். பிறகு டாங்கிளைச் செருகிவிட்டு மறுபடி அதையே அடியுங்கள். புதிதாக வந்த வரிதான் உங்கள் டாங்கிள். புதிய வரி எதுவும் வரவில்லை என்றால் கேபினட்டின் பின்பக்கத்து போர்ட்டில் செருகிப் பாருங்கள். முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே போகிற ஒயர் பழைய கேபினட்களில் கழன்றிருப்பது சகஜம். அங்கேயும் வரவில்லை, வேறு கம்ப்யூட்டரிலும் வரவில்லை என்றால் டாங்கிளே செத்துவிட்டது. பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

வரி வந்தால் அதில் 'ஐடி' என்பதற்குப் பக்கத்தில் நடுவே முக்காற்புள்ளியோடு ஓர் எண் இருக்கும். முதல் பாதி 0பிடிஏ என்றிருந்தால் சிப் ரியல்டெக் நிறுவனத்துடையது. பின்பாதி 1ஏ2பி என்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் முழுக்க இதன் மேல்தான். ரியல்டெக் சிப் வைத்த பல டாங்கிள்கள் செருகியதும் தன்னை வைஃபை கருவி என்று சொல்லிக்கொள்வதில்லை, சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்கின்றன. விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளேயே சுமந்துவந்து, சிடியிலிருந்து நிறுவுவது போல நிறுவிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. நிறுவி முடிந்ததும் அது வைஃபை கருவியாக மாறும். லினக்ஸில் அந்த டிரைவரை ஓட்ட ஆளில்லாததால், சில சமயம் அது சிடியாகவே உட்கார்ந்துவிடும்.

இதை எப்படி மாற்றுவது? ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடப்பக்கம் ஒரு சிடி டிரைவ் தெரியும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'இஜெக்ட்' கொடுங்கள். ஐந்தாறு விநாடி பொறுத்து மறுபடி அதே கட்டளையை அடியுங்கள். எண்ணின் பின்பாதி மாறியிருந்தால், உதாரணமாக சி811 என்று, சிடி வேஷம் கலைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்யக் கூடாதே என்பதற்காகத்தான் 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' என்ற பேக்கேஜ் இருக்கிறது. சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி, அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எண் மாறியும் வைஃபை பட்டியல் வரவில்லையா? அப்படியானால் டிரைவர் இல்லை. இங்கே கெர்னலின், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின், வயது முக்கியம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. நீங்கள் போட்டிருக்கும் மின்ட் 21 முதலில் 5.15 கெர்னலோடு வந்தது. ரியல்டெக் 8811சியு, 8821சியு, 8822பியு ஆகிய யுஎஸ்பி சிப்களுக்கான டிரைவர் கெர்னலுக்குள் சேர்ந்தது 6.2இல், அதாவது 2023 பிப்ரவரியில். அந்த இடைவெளியில் உங்கள் டாங்கிள் விழுந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

டெதரிங் ஆனில் இருக்கும்போது அப்டேட் மேனேஜரைத் திறந்து, மேலே 'வியூ' மெனுவில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' போங்கள். 6.8 வரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுவி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயப்பட வேண்டாம், பழைய கெர்னல் அழியாது. புதியதில் ஏதாவது சரியில்லை என்றால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் மெனுவில் (தானாக வராவிட்டால் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் தட்டினால் வரும்) 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழையதிலேயே நுழையலாம். மின்ட் 22 போட்டால் தொடக்கத்திலேயே 6.8 கிடைக்கும். ஆனால் இதற்காக மட்டும் முழு சிஸ்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

வெளியிலிருந்து டிரைவரின் மூல நிரலை இறக்கி நாமே கம்பைல் செய்வது, அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது, கடைசி வழி. அப்படிச் செய்யும்போது, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு வசதி ஆனில் இருந்தால், டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். நீலத் திரையைப் பார்த்துப் பதறி 'கன்டினியூ' அழுத்திவிட்டால், எல்லாம் நிறுவியும் வைஃபை வராது. ஏன் வரவில்லை என்று திரையில் ஒரு வார்த்தையும் இருக்காது. நான் ஒரு ராத்திரி முழுக்க இதில் கழித்திருக்கிறேன். அதனால்தான் கெர்னலோடு வரும் டிரைவரையே முதலில் தேடச் சொல்கிறேன்.

சரி, தம்பியின் டாங்கிளுக்கு வருவோம். அறுந்துபோகும் அந்த நிமிடத்தில் மூலையில் இருக்கும் வைஃபை ஐகானைப் பாருங்கள். ஐகான் இணைந்தபடியே இருந்து பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், போனிலும் அதே நேரம் திறக்கவில்லையா என்று பார்த்துவிட்டு நெட் கொடுப்பவரைக் கூப்பிடுங்கள். இணைப்பே போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: மின்சேமிப்பு, அல்லது டாங்கிள் இருக்கும் இடம்.

மின்சேமிப்பு லேப்டாப்புக்கு நல்லது. டெஸ்க்டாப்பில் அதனால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. சில டாங்கிள்கள் கண்ணயர்ந்தால் திரும்ப எழுந்திருப்பதில்லை. ஃபைல் மேனேஜரில் சிஸ்டம் ஃபோல்டர்களுக்குள் 'ஈடிசி', அதற்குள் 'நெட்வொர்க் மேனேஜர்', அதற்குள் 'கான்ஃப் டாட் டி' என்ற ஃபோல்டருக்குப் போங்கள். அங்கே ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஆஸ் ரூட்' கொடுத்து, பெயரில் 'வைஃபை பவர்சேவ்' என்று வருகிற கோப்பைத் திறங்கள். அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்கிச் சேமித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். 3 என்றால் மின்சேமிப்பு ஆன், 2 என்றால் ஆஃப். அந்த ஓர் எண்ணைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

இடம் என்று சொன்னேனே, அது இன்னும் முக்கியம். கேபினட் இரும்புப் பெட்டி. அதன் பின்னால், சுவரோரம், மேஜைக்கு அடியில் ஒரு கட்டைவிரல் அளவு டாங்கிள் செருகியிருந்தால் ஹாலிலிருந்து வரும் அலையை அந்தப் பெட்டியே மறைக்கும். உங்கள் போன் கையில், திறந்த வெளியில் இருக்கிறது. அதனால் 'போனில் வருகிறதே' என்பதை வைத்து இதை ஒப்பிட முடியாது. தவிர, போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கலாம். 150 அல்லது 300 என்று வேகம் போட்ட மலிவான டாங்கிள்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். அல்சூர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் 2.4இல் இருபது ரவுட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்திக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்கில் சேனல் 'ஆட்டோ'வில் இருந்தால் 1, 6, 11 ஆகியவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அவை மூன்றும்தான்.

இன்னொன்றும் உண்டு, பலருக்கும் தெரியாது. நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. என் வீட்டில் வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் ஓடும்போதெல்லாம் வைஃபை படுத்துவிடும். டாங்கிளை நீலப் போர்ட்டிலிருந்து எடுத்துக் கறுப்பு போர்ட்டுக்கு மாற்றியதும் அது நின்றுவிட்டது. ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜை மேல் ரவுட்டர் பக்கமாக வையுங்கள். இடப் பிரச்சினைக்கும் இரைச்சலுக்கும் சேர்த்து இது ஒன்றே பல வீடுகளில் போதுமானதாக இருந்திருக்கிறது.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் புதிதாக வாங்கலாம். ஆனால் அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பைக் கேட்டு வாங்குங்கள். டிபி-லிங்கின் 722என் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பதிப்பில் அதிராஸ் சிப், இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பெயர் ஒன்று, லினக்ஸில் நடந்துகொள்வது வேறு. எஸ்.பி. ரோட்டில் கேட்கும்போது மீடியாடெக் எம்டி7612யு அல்லது எம்டி7921ஏயு சிப் வைத்த டாங்கிள் என்று எழுதிக் காட்டுங்கள். முதலாவதற்கு கெர்னல் 4.19 முதல், இரண்டாவதற்கு 5.18 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. கேபினட்டைத் திறக்கத் தம்பி தயார் என்றால் இன்டெல் ஏஎக்ஸ்210 வைத்த பிசிஐஇ கார்டு, அதாவது மதர்போர்டில் செருகும் வைஃபை கார்டு, இன்னும் நல்லது. ஆன்டெனா இரண்டையும் திருகி மாட்ட மறக்கக் கூடாது. ஏஎக்ஸ்211 விலை குறைவு என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது குறிப்பிட்ட சில இன்டெல் மதர்போர்டுகளில் மட்டும் வேலை செய்யும் வகை, உங்கள் பழைய கம்ப்யூட்டரில் உயிர் பெறாது.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இடம் மாறாத டெஸ்க்டாப்புக்கு ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. வாடகை வீட்டில் சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார்தான். ஆனால் கதவு நிலையை ஒட்டிக் கீழே பிளாஸ்டிக் கேசிங் ஒட்டிக் கொண்டுபோகலாம், காலி செய்யும்போது உரித்துவிடலாம்.

முதலில் டெதரிங், அப்புறம் அந்த ஐந்தெழுத்துக் கட்டளை. புதிதாக வரும் வரியையும், 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'கெர்னல்' என்று இருக்கும் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். 1ஏ2பி என்று நான் சந்தேகப்பட்டது தவறாக இருந்தால், உங்கள் சிப் எது என்று பார்த்து அதற்கேற்ப எழுதுகிறேன்.