விக்ரோரியாவுக்கு வரப்போகும் கோண்டாவில் தம்பிக்கு

தம்பி, மனைவி பிள்ளைகளோடு நிரந்தர வதிவிட விசாவில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணுக்கு வருகிறோம், வந்த கையோடு வீடு வாங்க நல்ல தமிழ் ஏஜென்ட் ஒருவரைச் சொல்லுங்கள், விக்ரோரியா மாநிலத்தில் எந்தப் பக்கம் நல்லது என்றும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஏஜென்ட் பெயர் நான் தரப்போவதில்லை. முதல் ஒரு வருடமாவது வாடகைக்கு இருங்கள் என்பதுதான் என் பதில்.

ஊரில் காணி வாங்கினால் தரகர் இரண்டு பக்கமும் கதைப்பார். அவர் மறைத்தாலும் எல்லைப் பிரச்சினை, கிணற்றுப் பங்கு, உறுதியில் யார் யாருக்கு உரித்து என்பதெல்லாம் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் வந்துவிடும். இங்கே வீடு விற்கும் ஏஜென்ட் விற்பவருடைய ஆள். கொமிஷன் கொடுப்பவர் விற்பவர், அவருக்கு நல்ல விலை எடுத்துக் கொடுப்பதுதான் ஏஜென்டின் கடமை. அவர் தமிழர் என்பதாலோ, உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதாலோ அது மாறாது. நல்ல மனிதராகவே இருப்பார், தேத்தண்ணியும் தருவார், ஆனால் "எவ்வளவு வரை போகலாம் என்று நினைக்கிறீர்கள் அண்ணை" என்று கேட்டால் உண்மைத் தொகையைச் சொல்லிவிடாதீர்கள். வாங்குபவருக்காக வேலை செய்யும் ஏஜென்டுகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டும். யாராக இருந்தாலும் லைசென்ஸ் இருக்கிறதா என்று மாநில அரசின் பதிவேட்டில் பார்க்கலாம்.

விற்பனைக்கு வரும் வீட்டுக்கு ஏஜென்ட் ஒரு விலைத் தகவல் தாள் வைத்திருக்க வேண்டும். அதில் எதிர்பார்க்கும் விலையும், அண்மையில் விற்ற ஒத்த வீடுகளின் விலையும் இருக்கும். அதை மட்டும் நம்பாமல், உங்களுக்குப் பிடித்த இடத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஏலங்களுக்கு வாங்கும் எண்ணமே இல்லாமல் போய் நில்லுங்கள். கடைசி விலை எங்கே போய் நிற்கிறது என்பதை நாலைந்து வீட்டுக்கு நேரில் பார்த்தாலே அந்தத் தெருவின் பெறுமதி பிடிபட்டுவிடும். ஏலத்தில் வாங்கினால் பின்வாங்க முடியாது, கையெழுத்து வைத்தால் வைத்ததுதான். ஏலம் இல்லாத சாதாரண விற்பனையில் 3 வேலை நாள் அவகாசம் உண்டு, அதற்குள் சிறு தொகையை இழந்து விலகலாம். எப்படியானாலும் செக்ஷன் 32 என்ற விற்பவரின் அறிக்கையை உங்களுடைய சொந்த கன்வேயன்சரிடம் (வீடு கைமாறும் பத்திர வேலையைச் செய்பவர்) காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். காட்டுத்தீ அபாயப் பகுதியா என்பது அதில் இருக்கும். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி தீயில் 173 பேர் இறந்த மாநிலம் இது. 2022 ஒக்டோபர் வெள்ளத்தில் மெல்பேர்ணுக்குள்ளேயே மரிபர்னோங் ஆற்றோரம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மலைச்சாரல், ஆற்றோரம் என்று அழகைப் பார்த்து மயங்கினால் காப்புறுதிக் கட்டணம் வரும்போதுதான் விளங்கும்.

இனி மாநிலத்தைப் பற்றி. விக்ரோரியா முழு இலங்கையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பெரியது, அதனால் "எந்தப் பக்கம் நல்லது" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நம்மவர்கள் டண்டினொங், கிளேற்றன், கிளென் வேவர்லி என்று மெல்பேர்ணின் தென்கிழக்கில் நிறைய, அதையும் தாண்டி கிரான்போர்ண், பாக்கன்ஹாம் வரை போயிருக்கிறார்கள். மேற்கே தார்ணிற், வெரிபி பக்கம் புது வீடுகள். சிவா விஷ்ணு கோவில் தென்கிழக்கில் கரம் டவுன்ஸில், முருகன் கோவில் மேற்கே சன்ஷைனில். இரண்டுக்கும் போங்கள், பூசை முடிந்து நிற்கும் ஆட்களிடம் கதை கொடுங்கள், வேலைக்குப் போக எவ்வளவு நேரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் மனம் விட்டுச் சொல்வார்கள், அவர்களுக்கு உங்களிடம் எதையும் விற்க வேண்டியதில்லை.

வாங்க நினைக்கும் இடத்துக்கு வேலைநாள் காலை ஏழரைக்கு ஒருமுறை ரயிலில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் இருபது நிமிடம் என்று ஏஜென்ட் சொல்வது உண்மைதான், திங்கட்கிழமை அது வேறு கதை. அரசுப் பள்ளிக்கூடத்தில் இடம் உறுதியாகக் கிடைப்பது வீட்டு விலாசத்தைப் பொறுத்தது, தெருவின் ஒரு பக்கம் எல்லைக்குள்ளும் மறுபக்கம் வெளியேயும் இருக்கலாம். அரசின் தளத்தில் வீட்டு இலக்கத்தையே போட்டுப் பாருங்கள். நம் கணக்கில் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர், புதுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைப் பரப்புத்தான் கிடைக்கும், கோண்டாவில் வளவை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். வாசல் கிழக்கா என்று பார்ப்பதை விட, பகலில் இருக்கும் அறை வடக்கைப் பார்க்கிறதா என்று பாருங்கள். இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் வரும், அந்த வெயில் விழாத வீட்டில் ஹீற்றரை நிறுத்தவே முடியாது.

வாடகை வீடு தேடுவதற்கும் பெரும்பாலும் ஏஜென்டிடம்தான் போக வேண்டும், அவரும் வீட்டுக்காரரின் ஆள்தான். வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். வாரம் 500 டொலர் என்றால் மாதம் 2000 இல்லை, ஏறக்குறைய 2167, ஏனென்றால் வருடத்துக்கு 52 வாரம். வாரம் 900 டொலர் வரையான வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் போண்ட் (பிணையாக வைக்கும் காசு) கேட்கக் கூடாது, அந்தக் காசும் ஏஜென்டிடம் இருக்காது, அரசின் போண்ட் அதிகார சபையில்தான் வைக்கப்படும். வீட்டை நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்க்கும் முன், யாழ்ப்பாணத்தில் இருந்தபடி ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

உங்களுக்கு இங்கே வாடகைக்கு இருந்த சரித்திரம் இல்லை என்பதுதான் பெரிய தடையாக இருக்கும். அதனால் இப்போதே வேலை செய்யும் இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும், ஆறு மாத வங்கி அறிக்கையும் எடுத்து வையுங்கள். வந்ததும் ஒரு மாதம் உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் நல்லது, அங்கிருந்து வீடு பார்க்கலாம். வேலை எந்தப் பக்கம் என்று முடிவானதும் எழுதுங்கள், அந்தப் பாதையில் உள்ள இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.