அனுதாப அலையா?

அன்புள்ள அக்கா,

கொரசான் அகினோ பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். கணவரைச் சுட்டுக் கொன்றார்கள், அந்த அனுதாப அலையில் மனைவி பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி ஆனார். அவ்வளவுதானே? நம் ஊரில் பார்க்காத அலையா? அதிலும் அவர் பெரிய பண்ணை வீட்டுப் பெண். இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

மேலூர் வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

அனுதாபம் இருந்தது, மறுக்கவில்லை. 1983 ஆகஸ்ட் 21 அன்று, அமெரிக்காவிலிருந்து திரும்பிய அவர் கணவர், எதிர்க்கட்சித் தலைவர் நினாய் அகினோவை மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அப்போதைய ஜனாதிபதி மார்கோஸை எதிர்த்துக் கொரசான் நின்ற தேர்தல் நடந்தது 1986 பிப்ரவரி 7-ல். நடுவில் இரண்டரை வருஷம். அதற்கும் முன்னால், மார்கோஸ் 1972-ல் ராணுவச் சட்டம் போட்டதும் கணவர் சிறைக்குப் போய்விட்டார். ஏழு வருஷத்துக்கு மேல் சிறை வாசலுக்கு நடந்து, அவர் சொன்னதை வெளியே கொண்டுவந்து சேர்த்தவர் இந்த அம்மாதான். 'அனுபவமில்லாத குடும்பப் பெண்' என்று மார்கோஸ் கேலி பேசியது இவரைத்தான்.

சரி, அலை அடித்தது என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டு விழுந்தால் போதுமா? எண்ண வேண்டுமே.

எங்கள் அத்தை உசிலம்பட்டிப் பக்கம் ஆசிரியையாக இருந்தவர். வாக்குச்சீட்டுக் காலம். தேர்தல் டியூட்டியில் பெட்டிக்கு அரக்கு வைக்கும்போது சூடான அரக்கு விரலில் சொட்டிப் பொத்துப்போயிற்று. விரலை ஊதிக்கொண்டே முத்திரையை வைத்து முடித்துவிட்டு, வண்டி வரும்வரை பெட்டியின்மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாராம். "யார் ஜெயிச்சா எனக்கென்ன, போட்டது போட்டபடி போய்ச் சேரணும்" என்பார்.

மணிலாவிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். பிப்ரவரி 9 இரவு, தேர்தல் ஆணையத்தின் கம்ப்யூட்டர்களில் வாக்குக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சுமார் 30 பேர், பெரும்பாலும் பெண்கள், எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். தாங்கள் ஏற்றிய எண் ஒன்று, பலகையில் காட்டிய எண் வேறு. அரசாங்க வேலை, சர்வாதிகாரியின் ஆட்சி, வீட்டில் குழந்தைகள். நேராகத் தேவாலயத்துக்குப் போய்த் தஞ்சமடைந்தார்கள். அந்த நடையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

நாடாளுமன்றம் மார்கோஸ் ஜெயித்ததாகவே அறிவித்தது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்: படையில் ஒரு பகுதி பிரிந்தது, மணிலாவின் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் சின் வானொலியில் மக்களை அழைத்தார், அந்நகரின் எட்சா சாலையில் லட்சக்கணக்கானவர்கள் டாங்கிகளுக்குக் குறுக்கே நின்றார்கள். பிப்ரவரி 25 அன்று கொரசான் பதவியேற்றார். அன்றிரவே மார்கோஸ் மாளிகையை விட்டு ஓடினார்.

பண்ணை விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. 1987 ஜனவரியில் நிலம் கேட்டு ஊர்வலம் வந்த விவசாயிகள்மீது மணிலாவின் மெந்தியோலா பாலத்தருகே சுட்டதில் 13 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தில், நிலத்துக்குப் பதில் பங்குப் பத்திரம் கொடுக்கலாம் என்று ஒரு சந்து இருந்தது. அவர் குடும்பத்தின் லூயிசிதா கரும்புப் பண்ணை அதன் வழியாகத்தான் தப்பியது. அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இறுதியாக உறுதிசெய்ய 2012 ஆனது. முல்லைப் பெரியாறு தண்ணீருக்கு வருஷா வருஷம் காத்துக்கிடக்கும் மேலூர்க்காரருக்கு இந்தக் கோபம் வராமல் இருக்காது. எனக்கும் அது ஆறவில்லை.

ஆனாலும் அந்தக் குறிப்பை நான் எழுதியதற்குக் காரணம் வேறு. ஒருவர் ஆறு வருஷம், ஒரே முறைதான் ஜனாதிபதி என்று 1987 அரசியல் சட்டம் சொன்னது. அதற்கு முன்பே பதவிக்கு வந்த அவருக்கு இது பொருந்தாது, மறுபடி நிற்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் நிற்கவில்லை. ஆறேழு ராணுவப் புரட்சி முயற்சிகளைத் தாண்டி ஆண்டவர், 1992 ஜூன் 30 அன்று அடுத்தவர் பதவியேற்றதும் அரசாங்க வண்டியை விட்டுவிட்டு, சொந்தமாக வாங்கிய வெள்ளை டொயோட்டாவில் ஏறி வீட்டுக்குப் போனார்.

அன்புடன்,
அக்கா, மதுரை