மேட்டுப்பாத்தியில் உருளைக்கிழங்குக்கு ஏன் மண் அணைக்க வேண்டும்?

செடி வளர வளர, தண்டைச் சுற்றி மண்ணை ஏற்றி மூடுவதுதான் மண் அணைத்தல். சுற்றிலும் தடுப்பு வைத்து மண் நிரப்பும் மேட்டுப்பாத்தியிலும் இது தேவை.

உருளைக்கிழங்கு வேரல்ல, தண்டு. அதன் 'கண்கள்' எல்லாம் மொட்டுகள். விதைக்கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து பக்கவாட்டில் கிளை ஓடி, அதன் நுனி பருத்துக் கிழங்காகிறது. வெளிச்சம் பட்டால் தண்டின் குணம் வந்துவிடும்: தோல் பச்சையாகும், கூடவே சோலனின் என்ற கசப்பு நஞ்சும் ஏறும்.

ஆகவே பாத்தியை விளிம்புவரை நிரப்பி நடாதீர்கள். பால் பொங்க இடம்விட்டுப் பாத்திரம் எடுப்போமே, அதுபோல மேலே ஒரு சாண் காலியாக இருக்கட்டும். செடி 15–20 செ.மீ. வந்ததும் பாதி உயரத்துக்கு மண்ணோ மட்கிய இலையோ போடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். ஊட்டியில் கவலையில்லை; சமவெளியில் பனிக்காலம் தவிர மற்ற நாளில் பெரும்பாலும் இலைதான் மிஞ்சும்.

பச்சையேறிய கிழங்கை வேகவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சோலனின் கொதிநீரில் அழியாது, அந்தப் பகுதியை ஆழமாகச் சீவி எறியுங்கள், நிறைய ஏறியிருந்தால் கிழங்கையே எறியுங்கள்.