கண்ணை மூடினால் படபடப்பு, நோட்டைத் திறந்தால் அழுகை

கேள்வி: எனக்கு வயது 46. ஏழெட்டு மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை. படுத்ததும் பழைய விஷயங்கள் எல்லாம் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. மனநல மருத்துவர், பதற்றத்தோடு சேர்ந்த மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிட்டலோபிராம் மாத்திரை கொடுத்திருக்கிறார். நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன். முன்புக்கு இப்போது பரவாயில்லை. ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. ஒரு செயலியைப் பார்த்து மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியை மட்டும் கவனிக்கும்) பயிற்சி செய்தேன். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கல்லூரி நாட்களில் கவிதை எழுதுவேன். சரி, அதையாவது செய்வோம் என்று இரவில் நோட்டைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. இருக்கிற தூக்கமும் போய்விடுகிறது. இயற்கையின் நடுவே அமைதியாக உட்கார்ந்து கவனித்துக் கவிதை எழுதினால் மனம் தேறும் என்று படித்தேன். உண்மையா, டாக்டர்? எப்படிச் செய்வது? அது பலன் கொடுத்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கலங்கிய தூக்கம், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற ஓர் உணர்வு எல்லாம் வரலாம். பலர் அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயந்துபோகிறார்கள். பொதுவாக, நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வோம். பிறகு மருத்துவர் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைப்போம். நீங்கள் இன்னும் முழுதாகக் குணமாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போது பேச வேண்டியது நிறுத்துவதைப் பற்றி அல்ல. அளவு போதுமா, மனநல ஆலோசகரிடம் பேசிப் பெறும் சிகிச்சையும் சேர்க்க வேண்டுமா என்பதைப் பற்றி. அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியே தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். 46 வயதில், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றமே தூக்கத்தைக் கெடுக்கும். இரவில் வியர்த்துக்கொட்டி விழிப்பு வந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி கவிதைக்கு வருவோம். நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் பலனே இருக்கிறது. உங்களுக்கு இதுவரை ஒத்துவராமல் போனதற்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மூச்சைக் கவனித்தபோது படபடப்பு கூடியது உங்கள் குறை இல்லை. பதற்றம் உள்ளவர்களுக்கு உடம்புக்குள் நடப்பதைக் கவனிப்பதே ஓர் அபாய மணி. இதயம் கொஞ்சம் வேகமாக அடிப்பது தெரிகிறது, ‘என்ன ஆச்சு’ என்ற பயம் வருகிறது, பயத்தில் இன்னும் வேகமாக அடிக்கிறது. 1979இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிகளைப் பல வாரத் திட்டமாக வகுத்தார். அதில் நேரில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் உண்டு, கூடப் பழகும் குழு உண்டு. செயலியில் அது கிடையாது. உங்கள் முகம் வெளிறுவது அதற்குத் தெரியாது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது, கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். கவனத்தை உள்ளே அனுப்பாமல் வெளியே அனுப்புங்கள். மரமும் செடியும் வேலைக்கு ஆவது இந்த இடத்தில்தான்.

நாள் முழுக்க நாம் கவனத்தை இழுத்துப் பிடித்து வேலை வாங்குகிறோம். அது களைத்துவிடும். இலை அசைவது, மேகம் நகர்வது, தண்ணீரில் வெளிச்சம் நடுங்குவது போன்றவை அப்படி வேலை வாங்காமல் கவனத்தைத் தாங்களாகவே மெதுவாக ஈர்க்கின்றன. அந்த நேரத்தில் களைத்த பகுதி ஓய்வெடுக்கிறது என்பது ரேச்சல் கப்லான், ஸ்டீவன் கப்லான் என்ற உளவியல் தம்பதியின் விளக்கம். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு உங்கள் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் 38 பேரில் ஒரு பாதியினரைப் புல்வெளி வழியாகவும், மறுபாதியினரைப் போக்குவரத்து மிகுந்த சாலையோரமாகவும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். புல்வெளியில் நடந்தவர்கள், நினைத்ததையே நினைத்து அசைபோடுவது குறைந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பழக்கத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஒரே ஒரு நடை. ஆனாலும் படுத்ததும் வரிசைகட்டி வருகிறதே, அந்தக் கூட்டத்தைத்தான் அது தொட்டிருக்கிறது.

‘காட்டுக்கும் மலைக்கும் நான் எங்கே போவேன்’ என்று யோசிக்க வேண்டாம். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறைகளில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். வலிமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தன. நினைத்துப் பாருங்கள், அவர்கள் படுத்த படுக்கையில் இருந்தவர்கள். ஆகவே ஒரு மரம் போதும். அதுவும் இல்லாவிட்டால் ஜன்னலோரத் தொட்டிச் செடி.

சரி, கவிதை என்ன செய்யும்? உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அதன் வேகம் குறைகிறது. மூளை ஸ்கேன் ஆய்வுகளில், கோபம், பயம் என்று சொல்லால் குறிக்கும்போது அமிக்டலா என்ற அபாய மணிப் பகுதி சற்று அடங்குவதைக் கண்டிருக்கிறார்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம் மனதைப் பாதித்த சம்பவங்களைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த சில மாதங்களில், நடந்ததையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைவு. அதனால் எழுதும்போது அழுகை வருவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதே முறையில் பின்னால் வந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுத்தே எல்லாவற்றையும் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் அழுகை இல்லை, நேரமும் இடமும்தான். இரவு, படுக்கைக்குப் பக்கத்தில், களைத்த மூளையோடு, கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் எழுதுகிறீர்கள். அது எழுத்து மாதிரி தெரிந்தாலும், பேனா பிடித்துக்கொண்டு அசைபோடுவதுதான். இன்னொன்றும் உண்டு. தற்கொலை செய்துகொண்ட 9 கவிஞர்களின் கவிதைகளையும் அப்படிச் செய்துகொள்ளாத 9 கவிஞர்களின் கவிதைகளையும், மொத்தம் சுமார் 300 கவிதைகளை, 2001இல் ஒப்பிட்டார்கள். முதல் குழுவினரிடம் ‘நான்’, ‘என்’ என்ற சொற்கள் கூடுதலாக இருந்தன. இதைப் படித்துவிட்டு உங்கள் நோட்டில் எத்தனை ‘நான்’ என்று எண்ண ஆரம்பிக்காதீர்கள். ஒருவருடைய கவிதையை வைத்து நோயைக் கண்டுபிடிக்க இது உதவாது. ஆனால் மனம் சோரும்போது பார்வை எந்தப் பக்கம் சுருங்குகிறது என்பதை இது காட்டுகிறது. அதைக் கொஞ்சம் வெளியே திருப்புவோம்.

எப்படிச் செய்வது? பகல் வெளிச்சத்தில் ஓர் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். காலை நேரமானால் இன்னும் நல்லது. காலை வெளிச்சம் இரவுத் தூக்கத்தை ஒழுங்குபடுத்தும். கைபேசியை வீட்டில் வைத்துவிடுங்கள், அல்லது அணைத்துப் பையில் போடுங்கள். தினமும் அதே மரம், அதே இடம். தினம் ஒரு புது அழகைத் தேடிப் போனால் அது சுற்றுலா ஆகிவிடும்.

முதல் இருபது நிமிடம் பேனாவைத் தொடக் கூடாது. இதில் மட்டும் நான் கறார். பேனா கையில் இருந்தால் மனம் உடனே வரி தேடும், பார்ப்பது நின்றுவிடும். சும்மா பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ‘மரம்’ என்ற ஒன்றுதான் தெரியும். பத்தாவது நிமிடத்தில் பட்டையில் ஒரு வெடிப்பு, அதில் வடிந்து உறைந்த பிசின், எறும்பு வரிசை அந்தப் பிசினுக்கு அருகே வந்ததும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு, மறுபடி பழைய கோட்டில் சேர்வது எல்லாம் தெரியும். நடுவே பழைய நினைப்பு வரத்தான் செய்யும். வந்தால் துரத்த வேண்டாம், கூடப் போகவும் வேண்டாம். கண்ணைத் திரும்ப எறும்பிடம் கொண்டுவாருங்கள். மைண்ட்ஃபுல்னெஸ் என்பது அவ்வளவுதான்.

அப்புறம் பத்து நிமிடம் எழுதுங்கள். சங்கக் கவிதைக்கு முதல், கரு, உரி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழும் மரம், பறவை, விலங்கு கருப்பொருள், மனிதரின் உணர்வு உரிப்பொருள். உங்களுக்கு நான் எழுதித் தரும் மருந்துச்சீட்டும் அதே வரிசைதான். இரண்டு வரி இடமும் நேரமும். இரண்டு வரி கண்டது, கேட்டது. கடைசியில் ஒரே ஒரு வரி, விரும்பினால் மட்டும், மனசு. உணர்வுக்கு ஒரு வரிதான் அனுமதி என்றால் அது பொங்கி வழியாது. சரியான சொல்லைத் தேட வேண்டிவரும். அந்தத் தேடலில்தான் பெயர் வைக்கும் வேலை நடக்கிறது.

வித்தியாசத்தைப் பாருங்கள். இரவில் எழுதினால் இப்படி வரும்: ‘என் வாழ்க்கை ஒரு வாடிய இலை.’ இந்த வரியை எழுத இலையைப் பார்க்கவே வேண்டாம். பகலில், இருபது நிமிடம் பார்த்த பிறகு எழுதினால் இப்படி வரலாம்:

காலை ஏழு மணி, சுவரோரம்.
வெயில் இன்னும் தரைக்கு இறங்கவில்லை.
ஓர் இலை பாதி மஞ்சள்;
காம்பு மட்டும் பச்சை.
நேற்றைவிட இன்று கோபம் குறைவு.

பெரிய கவிதை இல்லை. நான் மருத்துவன், என்னிடம் அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். ஆனால் அந்தப் பச்சைக் காம்பைக் கற்பனையில் எழுத முடியாது, பார்த்தால்தான் உண்டு. இலை முழுவதும் வாடவில்லை என்ற செய்தியும் பார்த்ததால்தான் வந்தது. பெரிய சம்பவங்களை, குறிப்பாகச் சாவு, துரோகம், வன்முறை போன்றவற்றை, இந்தப் பத்து நிமிடத்தில் எடுக்க வேண்டாம். அதற்குச் சிகிச்சையாளரின் அறைதான் பாதுகாப்பான இடம். எழுதியதை அன்றே திருத்தவும் வேண்டாம். கொஞ்ச நாளைக்குச் சமூக ஊடகத்திலும் போடாதீர்கள். போட்டால் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று பார்ப்பீர்கள். பதற்றம் உள்ளவருக்கு அது வேண்டாத வேலை.

வாரத்துக்கு எவ்வளவு? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த தகவல்களை வைத்து 2019இல் வந்த ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்களில் அதிகம் பேர் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் இருந்தாலும் பிரித்து இருந்தாலும் வேறுபாடு இல்லை. இயற்கைதான் அவர்களை நலமாக்கியதா, நலமாக இருந்ததால்தான் வெளியே போனார்களா என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் குறி வைக்க நல்ல எண். அரைமணி வீதம் நான்கு நாள் போனாலே அந்தக் கணக்கு வந்துவிடுகிறது. போகாத நாளுக்கு வருத்தப்பட வேண்டாம். ஆஸ்துமாவோ மகரந்த ஒவ்வாமையோ இருந்தால் பூக்கும் பருவத்தில் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல், இரவு பகலாகப் பக்கம் பக்கமாகக் கவிதை கொட்டினால், பேச்சும் எண்ணமும் வேகமெடுத்தால், அதைக் கவித்துவம் என்று கொண்டாடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரை எடுக்கும் சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் எழும்பிவிடுவது உண்டு. அதேபோல, எழுதும் வரிகளிலோ எழுதாத நேரத்திலோ சாவைப் பற்றிய எண்ணம், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் மரத்தடிக்குப் போக வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரையோ உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அன்றே அழையுங்கள்.

ஆறு வாரம் செய்து பாருங்கள். கவிதை தேறியதா என்று பார்க்காதீர்கள். படுத்த பிறகு தூங்க எவ்வளவு நேரம் ஆகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று மட்டும் ஒரு தாளில் தேதியோடு குறித்து வாருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். மாத்திரையின் அளவை முடிவு செய்ய அது அவருக்கு உதவும். கவிதை நோட்டைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம்.