மடிக்கும் கூரை, தேயும் வயர்

கேள்வி: என்னிடம் துணிக்கூரை கன்வெர்ட்டிபிள் கார் இருக்கிறது. கூரை பாதியிலேயே நின்றுவிடுகிறது. கீல் பக்கம் வயர் தேய்ந்து செம்பு தெரிகிறது. டேப் சுற்றினாலும் பிரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வயர் போகும் வழியை மாற்றாதவரை எதைச் சுற்றினாலும் மறுபடி தேயும். ஒருவர் சுவிட்சை விட்டு விட்டு அழுத்த, இன்னொருவர் டார்ச் அடித்துக் கீலைப் பார்க்கட்டும். வயர் எங்கே இழுபடுகிறது, எங்கே சட்டத்துக்கு நடுவே நசுங்குகிறது, எங்கே ஒரே புள்ளியில் மடங்குகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். அந்த நேரத்தில் கையை உள்ளே விடவே கூடாது. பிறகு சட்டத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கினால் கூரை தானாகவே சரிந்து விரலை நசுக்கிவிடும்.

செம்பு தெரியும் இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவது வீண். மடங்கும் பகுதி முழுவதையும் வெட்டிவிட்டுப் புது வயர் போடுங்கள். இணைப்புகள் கீலிலிருந்து இருபுறமும் 10 செ.மீ.யாவது தள்ளி, அசையாத இடத்தில் வரட்டும். எல்லாம் ஒரே இடத்தில் வந்தால் முடிச்சாகத் தடித்துவிடும். முன்னும் பின்னுமாக வையுங்கள். சால்டர் வேண்டாம்: ஈயம் இழைகளுக்குள் ஊறி வயர் விறைக்கும், விறைப்பு முடியும் இடத்தில் ஒடியும். கிரிம்ப் செய்து (இரு முனைகளையும் சின்ன உலோகக் குழலில் விட்டு இடுக்கியால் நசுக்கி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும் குழாய்) போடுங்கள்.

புது வயர் பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. பின்கண்ணாடி ஹீட்டர் வயரில் இது மிக முக்கியம், கரண்ட் அதிகம் இழுக்கும். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக்கம்பி வயர் இங்கே உதவாது. மெல்லிய இழைகள் கொண்ட சிலிக்கான் வயர் நன்றாக வளையும். ஆனால் அதன் தோல் எளிதில் கிழியும் என்பதால் மேலே பின்னல் ஸ்லீவ் (பின்னிய உறை) கட்டாயம்.

வளைவு பெரிதாக இருக்கட்டும். வயர் கட்டு 8 மி.மீ. தடிமன் என்றால் வளைவின் ஆரம் 80 மி.மீ. வரை விடுங்கள். இடமிருந்தால் கீலின் அச்சை ஒட்டியே வயரை ஓட்டுங்கள். அப்போது வயர் மடங்காமல் லேசாக முறுக்கிக்கொள்ளும், தேய்மானம் நீளம் முழுவதும் பரவும். கேபிள் டை இரு முனைகளில் மட்டும். நடுவில் கட்டினால் அங்கேதான் அறும். டையின் வாலை ஒட்ட நறுக்குங்கள், கூர்முனை கூரைத் துணியைக் கிழிக்கும்.

கறுப்பு பிவிசி டேப்பின் பசை நம் வெயிலில் இளகிவிடும். கார் வயரிங்குக்கென்றே வரும் துணி டேப்பை சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கேட்டு வாங்குங்கள். காசிமேடு, எண்ணூர் வரை உப்புக்காற்று என்பதால் வெட்டிய முனையையும் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பளபளப்பு தெரியும்வரை இன்னும் வெட்டுங்கள். கறுத்த செம்பில் கிரிம்ப் சரியாகப் பிடிக்காது.

கேள்வி: டிக்கி கதவைத் தூக்கினால் நம்பர் பிளேட் லைட் அணைகிறது. இதுவும் அதே கோளாறா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: பெரும்பாலும் அதேதான். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை ஒரு பக்கம் கழற்றிப் பாருங்கள். தோல் நன்றாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கலாம். ஒவ்வொரு வயராக மெதுவாக இழுத்தால், அறுந்தது ரப்பர் போல நீளும். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.