படம் அவர்களுடையது, பில் உங்களுடையது

கேள்வி: வெள்ளவத்தையில் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். மாதம் 90,000 ரூபா அளவில் வரும். சினிமாவுக்கான ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மேக்கப்பும் பழகுகிறேன். வெட்டுக்காயம், தீக்காயம் என்று குறும்படங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். கிரெடிட் கார்ட் கடன் 4,20,000 ஆகிவிட்டது, வட்டி 26 வீதம். மினிமம் கட்டியும் குறையவில்லை. அம்மாவின் தாலிக்கொடியை அடைவு வைத்து, சென்னையில் 6 லட்சத்துக்கு ஒரு கோர்ஸ் படிக்கலாமா? பெரியம்மாவின் மகன் அந்தக் காசைக் கிரிப்டோவில் போடச் சொல்கிறான்.

பதில்: கொடி பெட்டியிலேயே இருக்கட்டும் தங்கச்சி. நீங்கள் அனுப்பிய பில்களைப் பார்த்தால், கடன் ஏறுவது படிப்புச் செலவால் அல்ல. அடுத்தவர் படத்துக்கு உங்கள் கார்டைத் தேய்க்கிறீர்கள்.

கடைசியாகச் செய்த நெற்றிக் காயத்தையே எடுப்போம். காயம்போல வார்த்துத் தோலில் ஒட்டும் சிலிக்கோன் துண்டின் மெல்லிய ஓரம் கழற்றும்போது கிழிந்துவிடும், மறுநாள் ஒட்ட முடியாது. ஆறு நாள் படப்பிடிப்புக்கு ஆறு துண்டு. ஒன்றுக்குச் சாமான் 4,000 என்றால் 24,000. கைக்கு வந்ததோ 20,000, அதுவும் படம் முடிந்து ஒரு மாதம் கழித்து. உங்கள் கூலி எங்கே?

கார்ட் பக்கம் வருவோம். 4,20,000க்கு மாத வட்டியே ஏறத்தாழ 9,100. மினிமம் 21,000 கட்டினால் முதலில் 12,000 போலக் குறையும். அதே மாதம் 15,000க்குச் சிலிக்கோனும் பசையும் வாங்குகிறீர்கள். அப்புறம் எப்படிக் குறையும்? புதிதாக எதுவும் வாங்காமல் மாதம் 40,000 கட்டினால் சுமார் ஒரு வருடத்தில் முடியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. அதற்காக ஆவணி, தை மாதங்களில் கூடுதலாகக் கட்டிவிடுங்கள்.

இனி இயக்குநர் யாராக இருந்தாலும், சாமான் காசு முழுவதும் முன்பணமாக வந்த பிறகே அச்சு எடுங்கள். கூலி வேறு, சாமான் வேறு என்று எழுதிக் கொடுங்கள். லேடெக்ஸ் (ரப்பர் பால்) பட்டால் சிலிக்கோன் இறுகாமல் போகலாம்; அப்படி வீணாகும் கலவைக்கும் அதில் ஒரு தொகை வையுங்கள். காசுக்குப் பதில் 'படத்தில் உங்கள் பெயர் போடுகிறோம்' என்பவர்களிடம், சிலிக்கோன் கடைக்காரரும் காசுக்குப் பதில் அந்தப் பெயரை வாங்கிக்கொள்வாரா என்று கேளுங்கள்.

வீட்டில் பழக, சிலிக்கோனுக்குப் பதில் ஜெலட்டினும் கிளிசரினும் போதும்; சரிவராவிட்டால் உருக்கித் திரும்ப ஊற்றலாம். கொழும்பு வெயிலில் இளகும்தான், ஆனால் பழகுவதற்கு அது பெரிய குறை இல்லை. விரல், காது போன்ற சின்ன அச்சுகளுக்குப் பல் வைத்தியர்கள் பல் அச்சு எடுக்கப் பாவிக்கும் அல்ஜினேட் தூள் போதுமானது.

கிரிப்டோ பற்றி மத்திய வங்கியே பலமுறை எச்சரித்துவிட்டது. தம்பிக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் தன் காசைப் போடட்டும்.

கார்ட் கடன் ஒரு லட்சத்துக்குக் கீழே வந்ததும் கோர்ஸ் பற்றி எழுதுங்கள். அந்த 6 லட்சத்தில் சாமான் செலவும் தங்குமிடமும் அடக்கமா என்பதையும் அதற்குள் கேட்டு வையுங்கள்.