எல்க் வேட்டைக்கு .300 மேக்னம் கட்டாயமா? எந்தத் தோட்டா, எந்தக் குண்டு?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் கொலராடோவில் முதல் எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் இனம்) வேட்டைக்கு உரிமம் கிடைத்துவிட்டது. கையில் ஒரு .308 வின்செஸ்டர் ரைஃபிள் இருக்கிறது. ஆனால் எல்க் பெரிய விலங்கு, .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கிக்கொள் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்க வேண்டுமா? எந்தக் குண்டு நல்லது?

வாங்க வேண்டாம். உங்கள் .308 போதும். புது ரைஃபிளுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை நல்ல குண்டுக்கும் மீதியைப் பயிற்சிக்கும் செலவிடுங்கள். (இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே வேட்டைக்குத் தடை. இந்தப் பதில் உரிமம் பெற்று வேட்டையாடும் நாடுகளுக்கானது.)

இந்தப் பதிலில் தோட்டா என்றால் பித்தளை உறை, ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்றால் அதிலிருந்து பறந்து போகும் பகுதி மட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. விலங்கை வீழ்த்துவது குண்டு. அதைத் தேவையான வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு தோட்டாவின் வேலை முடிந்தது. .308, .30-06, .300 மேக்னம் என்பவை தோட்டா வகைகளின் பெயர்கள். மேக்னம் என்றால் வெடிமருந்து அதிகம் கொள்ளும் வகை.

முதலில் வேகக் கணக்கு. .308இல் 165 கிரெயின் குண்டு குழலை விட்டு நொடிக்குச் சுமார் 2700 அடி வேகத்தில் கிளம்பும். .30-06இல் 180 கிரெயின் குண்டும் அதே 2700 அடி. .300 வின்செஸ்டர் மேக்னத்தில் அதே 180 கிரெயின் சுமார் 2960 அடி. (ஒரு கிரெயின் 0.0648 கிராம். 180 கிரெயின் என்றால் 11.7 கிராம்.) காற்றின் தடையால் மேக்னத்தின் குண்டு ஏறக்குறைய 130 கஜம் போனதும் 2700 அடிக்கு இறங்கிவிடும். அதாவது .30-06 வைத்திருப்பவர் விலங்கை நோக்கி 130 கஜம் நெருங்கிப் போனால் மேக்னம் தரும் அதே அடியைத் தந்துவிடலாம். 400, 500 கஜத்தில் சுடப் பழகியவருக்கு அந்த 130 கஜம் மதிப்புள்ளது. முதல் வேட்டைக்குப் போகிறவர் 300 கஜத்துக்கு அப்பால் சுடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு அதனால் பயனில்லை.

அந்த 130 கஜத்துக்குக் கொடுக்கும் விலை பின்னுதை, அதாவது சுடும்போது ரைஃபிள் தோளில் திருப்பி உதைப்பது. எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .308இன் பின்னுதை சுமார் 17 அடி-பவுண்டு (ஆற்றலின் அலகு), .30-06இல் 20, .300 மேக்னத்தில் 26க்கு மேல். தோள் வலிப்பது பெரிய விஷயமில்லை. உடம்பு அந்த உதையை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் ஆபத்து. விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், விரல் வெடுக்கென்று இழுக்கும். குண்டு நுரையீரலுக்குப் பதில் வயிற்றில் போய் விழும். வயிற்றில் அடிபட்ட எல்க் மைல் கணக்கில் ஓடி, பல மணி நேரம் துடித்துச் சாகும். பல நேரம் கிடைக்காமலே போகும். உங்களுக்கு இந்தக் கோளாறு இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. சுடுதளத்தில் நண்பர் ஒருவரை மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு இடையே பயிற்சிக்கான போலித் தோட்டா ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் கலந்து வைக்கச் சொல்லுங்கள். அது வரும்போது குழல் முனை துள்ளினால் கோளாறு இருக்கிறது. குழல் முனையில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளையிட்ட உறுப்பு) பொருத்தினால் பின்னுதை குறையும். ஆனால் சத்தம் காதைக் கெடுக்கும், பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் காதையும் சேர்த்து.

இனி குண்டு. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

வேட்டைக் குண்டிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறோம். உள்ளே போனதும் காளான்போல் விரிந்து அகலமான காயம் உண்டாக்க வேண்டும். அதே நேரம் எடையை இழக்காமல் ஆழமாகப் போய், முடிந்தால் மறுபக்கம் வெளியேற வேண்டும். விரிய விரிய ஆழம் குறையும். சந்தையிலுள்ள குண்டு வகைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதற்கு ஆளுக்கொரு விடை.

ஈயக் கருவின் மேல் மெல்லிய செம்புக் கலவை உறை போர்த்தியது பழைய வகை. ரெமிங்டன் கோர்-லாக்ட், வின்செஸ்டர் பவர்-பாயின்ட், ஹார்னடி இன்டர்லாக் போன்றவை. விலை குறைவு. மிதமான வேகத்தில், விலா எலும்புகளுக்கு இடையே போய் நுரையீரலைத் தாக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். பல தலைமுறையாக மானும் எல்க்கும் இவற்றால்தான் விழுந்தன. இவை கெடுவது கிட்டத்தில், அதிவேகத்தில், கனத்த எலும்பில் படும்போது. உறை பிரிந்து ஈயம் சிதறிவிடும். தோளில் கோரமான காயம் இருக்கும், நுரையீரல் வரை எதுவும் போயிருக்காது. மேக்னம் வாங்கச் சொல்கிறவர்கள் மறப்பது இதைத்தான். அடர்காட்டில் 40 கஜத்தில் எதிர்ப்படும் எல்க்தான் மேக்னம் குண்டுக்கு மிகக் கடினமான சோதனை. அங்கே வேகம் இன்னும் குறையவே இல்லை.

அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நோஸ்லருக்கு 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நேர்ந்தது இதுவே. சேறு அப்பிக் காய்ந்த ஒரு ஆண் மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான் இனம்) மீது அவருடைய .300 ஹெச் அண்ட் ஹெச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) மேக்னம் குண்டுகள் உள்ளே ஆழமாகப் போகவில்லை. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் பார்ட்டிஷன் குண்டு. உறைக்குள் நடுவே ஒரு குறுக்குச் சுவர், முன்னும் பின்னும் தனித்தனி ஈயக் கரு. முன்பகுதி விரிந்து எடையை இழக்கும். சுவருக்குப் பின்னாலிருக்கும் பகுதி கலையாமல் ஆழமாகப் போகும். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை போனாலும் வேலை முடிந்துவிடும். இன்றும் எல்க்குக்கு இதைக் குறை சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அடுத்தது ஈயத்தை உறையோடு உருக்கியோ வேதிமுறையிலோ பிணைத்த வகை. நோஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் ஃப்யூஷன், ஸ்விஃப்ட் ஸ்கிரோக்கோ இவ்வகை. ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேமில் குறுக்குச் சுவரும் உண்டு, பிணைப்பும் உண்டு. எலும்பில் பட்டாலும் கருவும் உறையும் பிரியாது. ஃப்யூஷன் பிணைத்த வகைகளிலேயே விலை குறைந்தது. பணம் பார்த்துச் செலவிட வேண்டியவருக்கு என் முதல் பரிந்துரை அதுதான்.

கடைசி வகை முழுச் செம்பு. பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ், நோஸ்லர் ஈ-டிப். முனையிலுள்ள குழி திறந்து இதழ்களாக மடங்கும். பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்கு மேல் எடை தங்கும். எலும்பை உடைத்து மறுபக்கம் வெளியேறுவதில் இதற்கு இணையில்லை. இறைச்சியில் ஈயத் துகளும் இருக்காது. ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டியும் பரவும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்ணும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. ஈயக் குண்டுதான் என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

செம்புக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அது திறக்க வேகம் வேண்டும். பெரும்பாலானவற்றுக்குப் படும் இடத்தில் நொடிக்கு 1800 முதல் 2000 அடியாவது இருக்க வேண்டும். குறைந்தால் விரியாமல் ஒரு குறுகிய துளையோடு ஊடுருவிப் போய்விடும். இரண்டாவது, செம்பு ஈயத்தைவிட இலேசானது. அதே எடைக்கு நீளமான குண்டு வரும். அதை நிலையாகச் சுழற்ற குழலின் முறுக்கு (குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்கள்) போதாமல் போகலாம், பித்தளை உறைக்குள் வெடிமருந்துக்கான இடமும் குறையும். அதனால் செம்புக்கு மாறும்போது ஒரு படி எடை இறங்குங்கள். ஈயத்தில் 180 என்றால் செம்பில் 165 அல்லது 150. எடை தங்குவதால் ஊடுருவலில் நஷ்டமில்லை.

தவிர்க்க வேண்டியவை: முழு உலோக உறை போட்ட ராணுவக் குண்டு விரியாது, சட்டமும் விடாது. குறிபார்ப்புப் போட்டிக்கென்று செய்த குண்டு முனையில் சிறு ஓட்டை இருப்பதால் வேட்டைக் குண்டுபோலத் தெரியும். அது விலங்குக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று நம்பவே முடியாது.

ஆக, உங்கள் .308க்கு: 165 கிரெயின் பிணைத்த குண்டு அல்லது பார்ட்டிஷன், இல்லையென்றால் 150 கிரெயின் செம்பு. 165 கிரெயின் குண்டு 300 கஜத்தில் சுமார் 2100 அடி வேகத்தையும் 1600 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றலையும் வைத்திருக்கும். எல்க்குக்கு இது தாராளம். ஆனால் பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 20, 25 அடி வீதம் கழியுங்கள். முடிந்தால் குண்டின் வேகத்தை அளக்கும் கருவியை இரவல் வாங்கி அளந்து பாருங்கள்.

பின்னுதை குறைந்த 6.5 கிரீட்மோர் தோட்டா பற்றியும் பலர் கேட்பார்கள். மெல்லிய நீளமான குண்டு என்பதால் எடைக்கு மீறி ஊடுருவும். ஸ்காண்டிநேவியாவில் அதே விட்டக் குண்டுள்ள 6.5×55 தோட்டாவைக் கொண்டு மூஸ் வேட்டையாடுவது பழைய வழக்கம். ஸ்வீடன் சட்டம் மூஸுக்கு 10 கிராம் குண்டும் 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றலும் இருந்தாலே அனுமதிக்கிறது. பின்னுதைக்குப் பயப்படுகிறவருக்குக் கிரீட்மோர் நல்ல தேர்வு. இன்னும் சிறிய .243 தோட்டா கொலராடோ சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றாலும் முதல் எல்க்குக்கு நான் சொல்ல மாட்டேன். கோணம் சற்றுத் தவறினால் சமாளிக்க அதில் எதுவும் மிச்சமில்லை. ஆப்பிரிக்கக் காட்டெருமை முற்றிலும் வேறு கணக்கு. அங்கே பல நாடுகளில் .375தான் குறைந்தபட்சம். 1912இல் வந்த .375 ஹெச் அண்ட் ஹெச் 300 கிரெயின் குண்டை சுமார் 2530 அடியில் அனுப்பும். யானைக்கு விரியாத திடக் குண்டு. அந்த ஆலோசனைகளை எல்க்குக்குக் கொண்டுவந்தால் தவறாகிவிடும்.

சட்டம்: கொலராடோவில் எல்க்குக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டம், 85 கிரெயினுக்குக் குறையாத விரியும் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல். .308 இதையெல்லாம் எளிதாகத் தாண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. மாநிலம் மாறினால் அந்த ஆண்டின் விதிநூலைப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி, அதாவது 20 தோட்டா, வாங்குங்கள். 100 கஜத்தில் மூன்று மூன்றாகச் சுடுங்கள், ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு குழல் ஆறட்டும். மூன்றும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் போதும். 300 கஜத்தில் அது நாலரை அங்குலம், எல்க்கின் இதய-நுரையீரல் பகுதி ஓர் அடிக்கு மேல் அகலம். அரை அங்குலத்துக்காக வகை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். செம்பிலிருந்து ஈயத்துக்கோ ஈயத்திலிருந்து செம்புக்கோ மாறும்முன் செம்புக் கறையைக் கரைக்கும் திரவத்தால் குழலைச் சுத்தம் செய்யுங்கள். பழைய படிவின் மேல் புது உலோகம் ஏறினால் நல்ல குண்டுகளும் இலக்கில் ஆளுக்கொரு பக்கம் விழும், நீங்கள் குண்டைக் குறை சொல்வீர்கள்.

தேர்ந்த வகையில் நான்கைந்து பெட்டி, ஒரே தயாரிப்பு எண் உள்ளதாக வாங்குங்கள். 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே விழும்படி ஸ்கோப்பைத் திருத்தினால் 200இல் நேராக விழும், 300இல் எட்டு ஒன்பது அங்குலம் இறங்கும். கணக்கை நம்பாமல் 300இல் சுட்டே பாருங்கள். பிறகு மேசையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும், மண்டியிட்டும், ஊன்றுகோலில் சாய்த்தும் சுடுங்கள். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டில் ஒன்றுகூடத் தவறாமல் பட வைக்க முடிகிற தூரம்தான் உங்கள் எல்லை. ஒரு எச்சரிக்கை: தோட்டாவின் பித்தளை உறை அடியில் பொறித்திருப்பதும் குழலில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒத்த தோற்றமுள்ள தோட்டாக்கள் கலந்துபோனால் ரைஃபிளும் போகும், கையும் போகலாம்.

குண்டின் வகை குறிபார்க்கும் இடத்தையும் மாற்றும். எல்க் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே போய், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். மென்மையான ஈயக் குண்டு என்றால் இன்னும் நாலு அங்குலம் பின்னால், தோள்பட்டை எலும்பைத் தவிர்த்து. செம்பு என்றால் தயங்காமல் காலின் நேர்க்கோட்டிலேயே வைக்கலாம். அதற்கு எலும்பு தடையில்லை, விரியவும் உதவும். சாய்ந்து விலகி நிற்கும் விலங்குக்கு எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கிக் குறி வையுங்கள். பின்புறம் மட்டும் தெரிந்தால் சுட வேண்டாம்.

சுட்டவுடனே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுங்கள். இரண்டு நுரையீரலும் துளைபட்ட எல்க்கூடச் சில நொடி ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். தவறிவிட்டது என்று எண்ணி வெறுமனே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது காலில் நிற்கும்வரை, பாதுகாப்பான வாய்ப்பு இருக்கும்வரை, மீண்டும் சுடுங்கள்.